கிணற்று மேஸ்திரியின் பெயர்

"பேரு இல்லாம எப்படிங்க கல்லு வெட்டறது?" என்றார் சாமுவேல், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே.

உக்கடத்துக் கல்பட்டறையில் தம்பிதுரை திருதிருவென்று விழித்தார். கருங்கல்லின் கீழ்ப்பாதியில் 'உபயம்: பேரன் தம்பிதுரை' என்று பளிச்சென்று வெட்டியாகிவிட்டது. தன் பெயரை மட்டும் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார் மனிதர். மேல்பாதியில்தான் தாத்தாவின் பெயர் வரவேண்டும். அது அவருக்குத் தெரியாது.

"ஊரெல்லாம் கிணத்து மேஸ்திரின்னுதாங்க கூப்பிடுவாங்க."

"அது வேலைங்க. பேரு?"

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஏழு ஊருக்குக் கிணறு வெட்டியவர் தாத்தா. அவர் நினைவாகச் சொந்த ஊரில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார் தம்பிதுரை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வந்து திறக்கிறார். இன்றைக்குத் திங்கள். அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. தாத்தாவோ கைநாட்டு, காணி நிலமும் கிடையாது, பத்திரமும் கிடையாது. பெயர் தெரிந்த ஒரே ஆள், அப்பாவின் அண்ணன் மனைவி, பெரியம்மா பாவாத்தாள்.

பெரியம்மாவுக்குத் தம்பிதுரை என்றால் உயிர். அவர் தம்பியை "அடே கோபாலு" என்று அதட்டுவாள். இவரை மட்டும் பிறந்ததிலிருந்து "கண்ணு"தான். அதில் தம்பிதுரைக்கு உள்ளூரப் பெருமை.

மறுநாளே பஸ் ஏறினார்.

"பெரியம்மா, தாத்தா பேரு என்னங்க?"

பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமனாரு பேரை நான் சொல்லறதா? ஊட்டுக்கு ஆகுமா கண்ணு?"

"அவரு செத்து அம்பது வருசமாச்சுங்க!"

"செத்தா மாமனாரு இல்லைன்னு ஆயிருமா?"

கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவள் மனமிரங்கி, வாயைப் பொத்தியபடியே தாடையை அவர் பக்கம் நீட்டினாள். தம்பிதுரை திரும்பிப் பார்த்தார். சுவரில் பழனி ஆண்டவர் காலண்டர்.

"பழனிசாமி! அட, இதைச் சொல்லறதுக்கா இத்தனை கூத்து!"

பெரியம்மா கையை ஆட்டினாள். தம்பிதுரைக்கு எதையும் பாதி கேட்டதும் கிளம்பிவிடுகிற சுபாவம். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்த பழக்கம். வழியனுப்பத்தான் கையாட்டுகிறாள் என்று நினைத்து, எஸ்டிடி பூத்துக்கு ஓடினார்.

வியாழக்கிழமை ஊரிலிருந்து கோபாலு போன் செய்தான். "ஏண்ணா, பழனிசாமிங்கறது பெரியம்மாவோட அண்ணன் பேராமா! ஆளு இன்னும் நல்லா இருக்கறாரு. உயிரோட இருக்கறவருக்குக் கல்லு வெட்டறயான்னு தடியோட நிக்கறாரு!"

மறுபடியும் பஸ். இந்தத் தடவை காலண்டர் குழப்பம் வேண்டாமென்று வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாவாத்தாள் தலையிலடித்துக்கொண்டாள். வாயைப் பொத்தினாள். தாடையை நீட்டினாள். தம்பிதுரை திரும்பினார். மாரியம்மன் கோயில்.

"மாரியப்பன்!"

"அட, நில்லு கண்ணு..."

எங்கே நிற்பது? கடைசிப் பஸ் போய்விடுமே. பூத்திலிருந்து தகவல் போனது. சாமுவேல் பழனிசாமியைத் தேய்த்துவிட்டு மாரியப்பனை வெட்டினார்.

சனிக்கிழமை மறுபடியும் கோபாலு. "மாரியப்பன் யாருன்னு தெரியுமாண்ணா? வாய்க்காத் தகராறுல நம்ம தாத்தா மண்டைய ஒடைச்சவரு! அவங்க ஊட்டுக்காரங்க மாலையெல்லாம் வாங்கி வெச்சுட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரோணும்ங்கறாங்க!"

தம்பிதுரை போனை வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். தாத்தாவுக்கு மரியாதை செய்யப்போய், அவர் மண்டையை உடைத்தவனுக்குக் கல் நடுகிறோமே!

ஞாயிறு காலை ஒன்பதரை. ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த வெட்டவெளியில் தொட்டி நின்றது. சாமுவேல் கல்லையும் உளியையும் வேனில் கொண்டுவந்து இறக்கினார். மாரியப்பனையும் தேய்த்தாகிவிட்டது.

"இன்னொரு தரம் தேய்ச்சா கல்லு அப்பளமாப் போயிருமுங்க. இதுதான் கடைசி."

பெரியம்மா தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பிதுரை அவள் முன்னால் போய் நின்றார்.

"பெரியம்மா, ஏழூருக்குத் தண்ணி குடுத்த மனுசனுங்க. அவரு பேரு எனக்கே தெரியல. நாளைக்கு எம் பேத்தி வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? நம்மளோட அந்தப் பேரு அத்துப்போயிருமுங்க."

பாவாத்தாளுக்குக் கண் கலங்கியது. ஒரு கையால் வாயை இறுகப் பொத்தினாள். தாடை போதாதென்று, இந்தத் தடவை மறு கையை முழுசாக நீட்டி விரலால் காட்டினாள்.

தம்பிதுரை சட்டென்று திரும்பினார். காலண்டர் இல்லை. கோயில் இல்லை. காடும் வானமும்தான் கிடந்தன.

"ஆகாசமா? ஆகாசசாமின்னு ஒரு பேரு உண்டுங்களா?"

பெரியம்மா விரலை மடக்கவில்லை. தம்பிதுரை இடதுபக்கம் நகர்ந்தார். விரலும் இடதுபக்கம் வந்தது. வலதுபக்கம் நகர்ந்தார். விரலும் வலதுபக்கம் வந்தது. அவர் இன்னும் பின்னால் திரும்பித் திரும்பித் தேடிக்கொண்டிருந்தார்.

உளியும் சுத்தியுமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சாமுவேல் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, பின்னாடி ஒண்ணுமே இல்லீங்களே. அந்தம்மா மொதல்லருந்து உங்களையத்தானுங்க காட்டறாங்க. அப்ப கீழ வெட்டுன பேரையே மேலயும் வெட்டிப்போடட்டுங்களா?"