நாற்பது சோடிக் கையுறை

புள்ளடி அக்கா எமலோகத்துக்குப் போனாலும், முதலில் சித்திரகுப்தனின் கொப்பியைத்தான் வாங்கிப் பார்ப்பார். பிழை கண்ட ஆறு இடத்தில் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கந்தோரின் சம்பளப் பட்டியலில் இருந்தது, வேறெங்கும் இல்லை. கணக்குப் பகுதியில் எனக்கு எதிர்மேசை. அச்சடித்த எதைக் கண்டாலும் அவருடைய கை சும்மா இராது. கூட வேலை செய்த ஒருவர் கல்யாணக் கார்ட்டோடு வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா கார்ட்டை வாங்கினார், புள்ளடி போட்டார்.

“தம்பி, நீங்கள் போட்டிருக்கிற திகதி புதன்கிழமையில்லை, வியாழன். சனம் எண்டைக்கு வாறது?”

நானூறு கார்ட்டும் திரும்ப அச்சடிக்கப்பட்டன. இன்னொரு முறை பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டுச் செத்த வீட்டுக்கே போன் எடுத்தார். ‘ஏழு பேரப்பிள்ளைகள்’ என்று போட்டுவிட்டு ஆறு பெயர்தான் எழுதியிருந்தார்களாம். அவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை விடுபட்டுத்தான் இருந்தது.

அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். போன மாசி மாதம் வரை.

மாசியில் ஒரு காலை, தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாள். பித்தப்பையில் கல். பயத்தில் நான் யோசிக்கவில்லை. பண்டத்தரிப்பிலிருந்து ஓட்டோ பிடித்து, கண்ணில் பட்ட முதல் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். “ஒப்பரேசனோடை எல்லாமாக ரெண்டரை லட்சம் வரும்” என்று வாயால் சொன்னார்கள். சேமிப்பையும் மச்சானிடம் வாங்கியதையும் சேர்த்தால் மட்டுமட்டாகச் சரி.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பில் வந்தது. நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

பில்லைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். ஆனால் முகத்தை எங்கே ஒளிப்பது? மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றத் தொடங்கினாள். கை வீங்கியிருந்ததால் அது வரவில்லை.

“விடப்பா.”

“சவுக்காரம் போட்டால் வரும். பேசாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். என்னாலைதான் எல்லாம்” என்றாள். நோவில்கூட அழாதவள் அப்போது அழுதாள்.

நான் வெளியே வந்து, என்னை அறியாமலே புள்ளடி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பதினைந்து வருடத்தில் அவர் எடுத்த முதல் அரை நாள் லீவு அது. ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து, என்னிடமிருந்து பில்லை வாங்கிக்கொண்டு நேரே மனைவியிடம் போனார்.

“காப்பைப் போட்டபடி இரு பிள்ளை. நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. டொக்டர் எத்தினை தரம் வந்து பார்த்தவர்?”

“மூண்டு தரம் அக்கா. பிறகொருக்கா கதவடியிலை நிண்டு தலையாட்டிப்போட்டுப் போனவர்.”

“பில்லிலை எட்டு எண்டு கிடக்கு. தலையாட்டினதையும் சேர்த்தால் நாலு.” ஒரு புள்ளடி. “உதென்ன, உடற்பயிற்சி சிகிச்சை, ஆறாயிரம்?”

“ஒரு பிள்ளை வந்து காலை ஆட்டிப் பாக்கச் சொன்னவ. ரெண்டு தரம் ஆட்டினனான்.”

அக்கா பேனையைத் தாளிலிருந்து எடுத்தார். “அது நடந்தது. நடந்ததுக்குக் குடுக்கத்தான் வேணும். ஆனால் பிள்ளை, இனி இஞ்சை நிக்குமட்டும் காலை ஆட்டாதை.”

வயிற்றில் தையலோடு கிடந்தவள் சிரித்துவிட்டு, “ஐயோ நோகுது” என்றாள்.

அக்கா காசு கட்டும் இடத்துக்குப் போனார். அவர் சத்தம் போடவே இல்லை. காசாளர் பெண்ணிடம், “பிள்ளை, மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டுவிட்டுத்தான் பில்லை நீட்டினார். “நாப்பது சோடிக் கையுறை எண்டு போட்டிருக்கு. இவவைத் தொட நாப்பது பேர் வந்தவையோ?”

அந்தப் பெண் பயந்து மனேச்சரைக் கூப்பிட்டாள். அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“அம்மா, இது கொம்பியூட்டர் தாற பில்.”

“அப்ப கொம்பியூட்டரைக் கூப்பிடுங்கோ. அதோடையே கதைக்கிறன்.”

மனேச்சர் உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தபோது பட்டி தளர்ந்திருந்தது. நாலு சோடிதான் நாற்பதாக விழுந்திருந்ததாம். பக்கத்து அறைக்காரரை டொக்டர் வந்து பார்த்த தடவைகளும், அந்த அறைக்காரரின் ஊசி மருந்துகளும் எங்கள் பில்லில் ஏறியிருந்தனவாம். ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தது. மிச்சம் அப்போதும் என் கையில் இருந்ததைவிடக் கூடத்தான்.

“இண்டைக்கு ரெண்டரையைக் கட்டுவினம். மீதியை ரெண்டு மாசத்திலை தருவினம். அதை எழுத்திலை தாருங்கோ” என்றார் அக்கா. எழுதியும் கொடுத்தார்கள்.

அங்கிருந்து புறப்படத்தான் முடியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற தொண்டைமானாற்று மனிதர், கடல் தொழில் செய்பவர், தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். “அக்கா, என்ரை ஐயான்ரை பில்லையும் ஒருக்காப் பாருங்கோவன்.” அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

காசாளர் பெண்ணே கதிரையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். ஏழாவது பில்லை அக்கா கையில் எடுக்க முதலே அவள் எட்டிப் பார்த்து மெல்லச் சொன்னாள்: “அக்கா, இதிலை ஒரே மருந்து ரெண்டு தரம் விழுந்திருக்கு.”

அக்கா சிவப்புப் பேனையை அவளிடம் நீட்டினார். “அப்ப நீயே போடு பிள்ளை, புள்ளடியை.”

அன்றைக்கு நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “அதை விடுங்கோ தம்பி. இனி எவ்வளவு வரும் எண்டு சொன்னால் எழுதி வாங்குங்கோ” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தார்.

மார்கழி மழைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை எதிர்மேசை வெறுமையாகக் கிடந்தது. அக்கா சண்டிலிப்பாயில் தனியே இருப்பவர். போய்ப் பார்த்தால், நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். டெங்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனைவி கஞ்சியோடு ஓடிவந்தாள்.

“இஞ்சை பில்லே தரமாட்டினமாம் தம்பி. எப்பிடிப் பொழுது போறது?” என்று முனகினார் அக்கா. கட்டிலில் கிடந்தவர் சின்னப்பிள்ளை அளவுக்குச் சுருங்கித் தெரிந்தார். மனைவி கஞ்சியை ஊட்டிவிட்டு, சிக்குப் பிடித்த தலையை மெல்ல இழுத்து வாரிவிட்டாள்.

தாதி ஒரு படிவத்தோடு வந்தார். “ஆர் கூட நிக்கிறது? நோயாளிக்கு என்ன முறை?”

“நாங்கள் ஒரே கந்தோர்...” என்று நான் இழுத்தேன்.

“என்ரை அக்கா” என்றாள் மனைவி. “எழுதுங்கோ.”

ஆறாம் நாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். எந்த வீட்டுக்கு என்று அக்காவிடம் நாங்கள் கேட்கவே இல்லை.