வெள்ளிக்கிழமைத் தையல்

ரங்கூன் நகரத்தில் டாக்டர்களைவிட அதிகமான வயிறுகளைப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் காரணம் பாய்தான். இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்கூட இல்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் எழுதுகிறவர். பக்கத்து நாற்காலியில் முத்திரை குத்தும் கேஷியராக எட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அப்படி ஒரு பிடிவாதக்காரரை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் உண்டு. பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றில் எல்லா எண்களும் இருக்கும். பாய் கேஸ் தாளைப் பார்த்து எண்ணைப் போடுவார், எண்ணை வைத்து பில் வரும். இதில் வில்லங்கம் பிடித்தது, ஆபரேஷன் செய்த காயம் பிரிந்துபோய்த் திரும்பி வருகிறவர்கள் விவகாரம். ஒரு மாதத்துக்குள் அதே காயம் பிரிந்தால் எண் எழுபத்திரண்டு. மருந்துக்கும் நூலுக்கும் மட்டும்தான் காசு. புது ஆபரேஷன் என்றால் எண் ஐம்பது. முழுப் பணமும் கட்ட வேண்டும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். மற்ற குமாஸ்தாக்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாய் மாட்டார். “காலிக் கட்டம் விடுறது பொய் சொல்ற மாதிரி, வள்ளி” என்பார். அந்தக் கட்டத்தால்தான் அவருக்கு அந்தப் பெயர். நான் எழுதுகிற தாள்களையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்ணால் பார்க்காமல் எண்ணும் போடமாட்டார். “கைலியக் கொஞ்சம் எறக்குங்க, காயத்தப் பாக்கணும்” என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள். பெண்கள் என்றால் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, நர்ஸ் மா கின்னைத் திரைக்குப் பின்னால் அனுப்புவார். அவள் வாயால் சொன்னால் போதாது, படம் வரைந்து கொண்டுவர வேண்டும். பாவம், அவள் வரைவதெல்லாம் ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கும். பாய் குறுக்குக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒம்பதாவது தையல் எங்கம்மா?” என்று அவளைத் திருப்பி அனுப்புவார்.

லத்தா பேட்டையிலிருந்து ஒரு நகைக்கடைக்கார அம்மாள் வந்தாள். பித்தப்பை ஆபரேஷன், தையல் பிரிந்திருந்தது.

“என்னம்மா பண்ணுனீங்க?”

“சிரிச்சேன்.”

“எதுக்குச் சிரிச்சீங்க?”

“வீட்டுக்காரர் தலைக்குக் கறுப்புச் சாயம் அடிச்சிட்டு முன்னாடி வந்து நின்னாரு.”

பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காரணம்: கணவரின் தலைமுடி என்று எழுதினார். இன்னொருவர், பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கியதால் பிரிந்தது என்றார். பாய் அந்த பஸ்ஸில் தானே தொங்கிப் பார்த்துவிட்டு, சட்டையில் இரண்டு பொத்தான்களைப் பறிகொடுத்து வந்து, “உண்மதான்” என்று எழுதினார்.

ஆனால் சிலருக்குக் காரணமே கிடைக்கவில்லை. தும்மவில்லை, இருமவில்லை, சிரிக்கவும் இல்லை, காயம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. பாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் மூன்று மாதத் தாள்களையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் எழுந்தபோது முகம் இறுகியிருந்தது.

“எல்லாமே வெள்ளிக்கிழம தச்சது, வள்ளி.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய டாக்டருக்கு கோல்ஃப். அவர் முதலாளியின் மருமகன். வாசலில் கார் உறுமிக்கொண்டு நிற்க, இவர் உள்ளே நாலு இழு இழுத்துத் தைத்துவிட்டு ஓடுவார். அந்த நேரத்தில் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவதால் இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து காரணக் கட்டத்தில் ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுத ஆரம்பித்தார்.

பர்மாக்காரர்களுக்குப் பிறந்த கிழமை பெரிய விஷயம். பெயர் வைப்பதிலிருந்து, பகோடாவில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது என்பது வரை எல்லாமே கிழமையைப் பார்த்துத்தான். எங்கள் மேனேஜர் தாள்களைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை பிறந்தவர்கள் உடம்பில் தையல் நிற்காது என்று முடிவே கட்டிவிட்டார். ஆபரேஷனுக்கு வருகிற வெள்ளிக்கிழமைக்காரர்களை, முதலில் பகோடாவுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொன்னார். அவரும் வெள்ளிக்கிழமை பிறந்தவர்தான். தனக்கிருந்த குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் பயந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அலைந்தார்.

“சொல்லிடலாமே பாய்?” என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.

“கேட்டா சொல்லுவேன். கேக்கலியே. ஊத்தட்டும், தண்ணிதானே.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கோ மாரி, அதாவது மாரி அண்ணன், வந்து சேர்ந்தார். அலோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவர். குடலிறக்க ஆபரேஷன் செய்து வீட்டுக்குப் போய், பன்னிரண்டாம் நாள் தையல் பிரிந்து வந்தார். மறுபடி தைத்துப் படுக்கப் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. புது ஆபரேஷன் என்று போட்டு முழுப் பணத்தையும் வாங்கு, கட்டாமல் வாசலைத் தாண்ட விடாதே என்பது மேனேஜர் உத்தரவு.

மாரியின் மனைவி தெருவில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மொஹிங்கா வண்டிய வித்தா கட்டிரலாம்க்கா. ஆனா அவரு மூட்ட தூக்க ஆறு மாசம் ஆகும்ங்கிறாங்க. வண்டியும் போச்சுன்னா புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்?”

பாய் எழுந்து வார்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“மூட்ட தூக்குனியா?”

“கக்கூசுக்கே பொண்டாட்டி தோளப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன், பாய்.”

“மொதல்ல தச்சது எந்தக் கெழம?”

“வெள்ளிக்கெழம.”

எழுபத்திரண்டு. காரணம்: வெள்ளிக்கிழமை. மேனேஜர் அந்தத் தாளைக் கூடத்தில் எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டார்.

“ஐம்பது போடு!” என்று பர்மிய மொழியில் கத்தினார். “மூட்டை தூக்கினான் என்று எழுது!”

“பாத்தத எழுதுவேன், சயா. பாக்காதத எழுத மாட்டேன்” என்றார் பாய், சயா என்ற மரியாதை குறையாமல்.

“என்னய்யா பார்த்தாய்? வெள்ளிக்கிழமையாம்! அவன் செவ்வாய்க்கிழமை பிறந்தவன், கேஸ் தாளிலேயே இருக்கிறது!”

அப்பாடா, கடைசியில் கேட்டுவிட்டார்.

“பொறந்த கெழம இல்ல, சயா. தச்ச கெழம” என்றார் பாய். “எல்லாருக்கும் அதேதான்.”

மேனேஜரின் கை தானாகவே தன் இடுப்பு பெல்ட்டைத் தடவிப் பார்த்தது. பிறகு அவமானம் தலைக்கேறி என் பக்கம் திரும்பினார். புதுத் தாள் ஒன்றை என் முன்னால் அறைந்தார்.

“மா வள்ளி, நீ எழுது. ஐம்பது. நாளையிலிருந்து அந்த நாற்காலி உனக்கு.”

பொய் சொல்வானேன், ஐம்பது போட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கப்பலில் போய்க் கடிதம் மட்டும் அனுப்புகிறவர். இந்த வேலை போனால் வேறு வேலை எங்கே கிடைக்கும்? பாய் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், பெண்கள் காயம் காட்டும்போது நிற்பாரே, அதே மாதிரி. அவருடைய அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. இந்த மனிதரை இப்படி நிற்க வைக்க இவர்கள் யார்?

எழுபத்திரண்டு என்று எழுதினேன். காரணம்: பெரிய டாக்டர் அவசரமாகத் தைத்த வெள்ளிக்கிழமை. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

“பாய், கையெழுத்து.”

அவர் திரும்பினார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை, தாளைப் படிக்கவும் இல்லை, நேராகக் கையெழுத்துப் போட்டார். நான் குத்திய குத்தில் முத்திரைப் பெட்டி துள்ளியது. முத்திரை விழுந்துவிட்டால் வாசல்காரன் யாரையும் தடுக்க முடியாது. மேனேஜர் திறந்த வாயை மூடுவதற்குள் மாரியும் மனைவியும் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேர் வேலையும் அடுத்த ஐந்து நிமிஷத்தில் போனது. மேனேஜர் பின்னால் ஆபரேஷன் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம், வேறு ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று எதிர்த்த டீக்கடையில் குட்டி முக்காலிகளில் உட்கார்ந்தோம். பாய்க்கு என்மேல் மகா கோபம்.

“ஒன்ன யாரு புள்ள எழுதச் சொன்னா? நான் ஒருத்தன் போனாப் பத்தாதா?”

“காரணம் கேக்குறீங்களா, பாய்?”

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயை யாராவது அவ்வளவு நேரம் ஊதுவார்களா?

“வேணாம்” என்றார் கடைசியில். “கேக்கல.”

அலோனில் அந்த மொஹிங்கா வண்டி பல வருஷம் ஓடியது. எங்கள் இரண்டு பேரிடமும் மாரியின் மனைவி ஒருநாளும் காசு வாங்கியதில்லை. பாய் இப்போது இல்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். எதனால் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கட்டத்தை நான் காலியாகத்தான் விடப்போகிறேன். பாய் இருந்தால் திட்டுவார். வந்து திட்டட்டுமே.