முதல் இரண்டு நிமிடத்தில் ஜெயிக்கக் கூடாது

விளையாட்டுப் படமென்றால் அதன் முதல் இரண்டு நிமிடத்தில் நாயகன் தோற்றே ஆக வேண்டும். நாம் சொல்லவில்லை, வங்காளத்துப் பாலிகஞ்சில் உள்ள ஒரு திரைக்கல்லூரியின் திரைமரபு இணக்கப் படிவம், பிரிவு ஏழு, அப்படித் திருவாய் மலர்ந்திருக்கிறது.

அந்தப் படிவம் ஏழுமலையின் வீட்டுக்கு மகள் கீதாஞ்சலியின் பையில் ஏறி வந்தது. விளையாட்டுப் படமொன்றின் தொடக்கக் காட்சியை அவள் எடுக்க வேண்டும். போன வருஷம் பிரிவு ஏழை மீறி நாயகியை ஜெயிக்க வைத்துப் பெயிலானவள். இன்னொரு பெயிலென்றால் படிப்பே போச்சு. கைவசம் இருந்த ஒரே விளையாட்டு வீரர் அப்பாதான். வயது ஐம்பத்திரண்டு, ஆட்டம் கேரம். டாக்குரியா தமிழர் மனமகிழ் மன்றக் கோப்பைக்கு இருபது வருஷமாக ஆடி, இந்த ஞாயிறுதான் முதன்முறையாக ஃபைனல்.

"கேரம் ஆடறவன் ஏம்மா விடியக்காலையில ஓடணும்?"

"பிரிவு ஒண்ணுப்பா. ஓடுங்க."

தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு ஏழுமலை ஏரியைச் சுற்றிப் பின்னால் ஓடினார். படிவப்படி மழை வேண்டும். மனைவி மகேஸ்வரி பக்கெட்டால் பெய்தாள். 'உன்னால் முடியாது' என்று ஒருவர் சொல்ல வேண்டும்; அதையும் அவளே ஒத்திகையின்றி ஒரே டேக்கில் சொன்னாள்.

சனிக்கிழமைதான் பிரிவு ஏழு வெளியே வந்தது.

"அப்பா, நாளைக்கு நீங்க தோக்கணும்."

"ஏய்! இருபது வருஷம்டி!"

"படத்தோட கடைசியில ஜெயிப்பீங்கப்பா."

"கடைசிய எப்ப எடுப்ப?"

"அது சிலபஸ்ல இல்ல."

ஏழுமலை ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் எழுந்து, "சரி கண்ணு" என்றார்.

ஃபைனலில் எதிரே ஜெய்ராம். ஏழுமலை ஆளுக்கு ஒரு காய் மிச்சமிருக்கும்வரை மானத்தோடு ஆடினார். அவருடைய வெள்ளைக் காய் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. குழந்தை ஊதினால் விழும். ஏழுமலை ஸ்ட்ரைக்கரை அதற்கு நேரெதிர்ப் பக்கம் விட்டார். கூட்டம் 'உச்' கொட்டியது. ஜெய்ராமின் கறுப்புக் காயும் குழியருகேதான். அவரோ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தார்.

ஏழுமலைக்குச் சுருக்கென்றது. பலகைமேல் குனிந்தார். "என்ன சார் ஆட்டம் இது?"

"என் பையன் அபிநவும் அதே காலேஜ்தான் சார்," என்றார் ஜெய்ராம் மெல்லிய குரலில். அவருக்குப் பின்னாலும் ஒரு செல்போன் படமெடுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துத் தோற்கப் பார்த்தார்கள். வேர்த்துக் கொட்டியது. "தாருண், தாதா! பிரமாதம், அண்ணா!" என்று ஒரு வங்காளக் கிழவர் எழுந்து நின்றே கைதட்டினார். கடைசியில், தவறவிட வேண்டுமென்ற வெறியில் ஏழுமலை ஓங்கி அடிக்க, ஸ்ட்ரைக்கர் பலகையின் மூன்று பக்கங்களில் மோதித் திரும்பிவந்து வெள்ளைக் காயைக் குழிக்குள் தள்ளியது.

ஜெய்ராம் துள்ளிக் குதித்து மகனைக் கட்டிக்கொண்டார். ஏழுமலை ஓவென்று அழுதார். மன்றச் செயலாளர் சேஷாத்ரி அழுகிறவர் கையிலேயே கோப்பையைத் திணித்தார்.

கீதாஞ்சலி புத்திசாலி. கோப்பை ஃபிரேமுக்குள் வராமல் அழுகிற முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். படிவத்தில் எல்லாப் பிரிவுக்கும் டிக் விழுந்தது. பாஸ்! அபிநவும் பாஸ்.

இரண்டு படங்களையும் மன்றத்தில் திரையிட்டார்கள். கூட்டம் மூக்கைச் சிந்தியது. "ஐயோ பாவம், அன்னிக்கு மனுஷன் எப்படித் தோத்தார்!" என்றவர்களில் முப்பது பேர் அன்று நேரில் உட்கார்ந்திருந்தவர்கள்.

மறுவாரம் கடிதம் வந்தது: 'காட்சி ஆதாரங்களைச் செயற்குழு கவனமுடன் பரிசீலித்ததில், இறுதி ஆட்டத்தில் தாங்களும் திரு. ஜெய்ராம் அவர்களும் தோல்வியுற்றது ஐயத்திற்கிடமின்றி உறுதிப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் வசமுள்ள கோப்பையை உடனடியாக ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

ஏழுமலை கோப்பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிய சேஷாத்ரிக்குக் கண் கலங்கியது.

"மனச விட்டுடாதீங்க ஏழுமலை. அடுத்த வருஷம் கட்டாயம் ஜெயிப்பீங்க."

"முயற்சி பண்றேன் சார்," என்று ஏழுமலையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தார்.