ஒன்பதாம் பாகத்தில் மூடுபனி

“அந்த மூடுபனிக் காட்சி படத்துல எங்கய்யா வருது?” என்று கேட்டாள் மார்ஜ்.

வெண்டல் க்ரான்ட்ஸின் கையிலிருந்த காபி தட்டில் பாதி கொட்டியது.

“நடுவுல வருது மார்ஜ். கண்ணை இமைச்சா போயிடும்.”

“பத்துப் பேர் போன் பண்ணிட்டாங்க. பனியே இல்லைங்கறாங்க.”

“பத்துப் பேரும் இமைச்சிருப்பாங்க.”

மார்ஜ் அதையும் மறுநாள் அப்படியே அச்சில் போட்டுவிட்டாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெல்டன் என்கிற அந்த ஊருக்கு இருந்த ஒரே பத்திரிகைக்கு அவள்தான் ஆசிரியர். வெண்டல் அதில் இருபத்திரண்டு வருஷமாகத் திரை விமர்சனம் எழுதுகிறார். எந்தப் பேய்ப்படம் வந்தாலும் ‘கொட்டாவிதான் வந்தது’ என்று அவர் எழுதுவதால், அந்தப் பத்திக்கு ‘பயமறியான்’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

உண்மையில் வெண்டல் மகா பயந்தாங்கொள்ளி. ரத்தப் படம் என்றால் காதில் பஞ்சை அடைத்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, முடியும்வரை வெடவெடவென்று நடுங்குவார். கதையை ஸ்டூடியோ அனுப்பும் விளம்பரத் தாளிலிருந்து எடுத்துக்கொள்வார். இது வெளியே தெரிந்தால் வேலை போகும். மானமும் போகும், அப்புறம் ஊரில் முடிவெட்டிக்கொள்ளக்கூடத் தலைகாட்ட முடியாது.

‘பால்காரன்’ ஒன்பதாம் பாகத்துக்கும் அப்படித்தான் போனார். வெள்ளைச் சீருடையில் வீடு வீடாக வந்து, உடைந்த பால் பாட்டிலால் கழுத்தை அறுப்பவன் பால்காரன். எட்டுப் பாகங்களில் அவனை எரித்தாயிற்று, ஏரியில் மூழ்கடித்தாயிற்று, மரம் அறுக்கும் மில்லுக்குள் தள்ளியாயிற்று. சனியன், ஒவ்வொரு கோடையிலும் எழுந்து வந்துவிடுகிறான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விமர்சகர்களுக்கான காட்சி. ஊரில் இருப்பது ஒரே விமர்சகர் என்பதால் வந்ததும் ஒருவர்தான். தியேட்டர் முகப்பில் பால்காரனை ஆளுயர அட்டையாக நிறுத்தியிருந்தார்கள். வெண்டல் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி உள்ளே போய்ச் சேர்ந்தார்.

நடுவில் ஒரே ஒரு முறை விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். திரை முழுக்க வெள்ளை. ஆள் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. ‘இந்தப் பனிக்குள்ளேயிருந்துதான் வரப்போறான் படுபாவி’ என்று நினைத்த நொடியில் தோளில் ஒரு கை விழுந்தது. நிஜக் கையா, பயத்தில் தோன்றிய கையா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. “ஐயோ!” என்று அலறி நாற்காலிக்கு அடியில் புகுந்தவர், கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் தவழ்ந்து வெளியே வந்தார்.

அன்று மாலையே எழுதினார்: ‘பெருத்த ஏமாற்றம். பால் எப்போதோ புளித்துவிட்டது. நன்றாக இருந்தது அந்த மூடுபனிக் காட்சி ஒன்றுதான். மற்றபடி கொட்டாவி.’

இப்போது அந்தப் பனி அவர் கழுத்தைப் பிடித்தது.

சனிக்கிழமை முடிவெட்டும் கஸ் நடுத்தெருவில் மறித்தான். “யோவ், கண் எரிய எரிய இமைக்காம உட்கார்ந்திருந்தேன். பனியும் வரலை, ஒரு மண்ணும் வரலை!”

“நீ பார்த்தது சாயங்காலக் காட்சியா?” என்றார் வெண்டல். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பினால் போதும் என்றிருந்தது. “பனி காலைக் காட்சியில மட்டும்தான்.”

மறுநாள் காலை கார் நிறுத்துமிடம்வரை வரிசை நின்றது. நாடு முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்த படம் பெல்டனில் மட்டும் நிரம்பி வழிந்தது. விஷயம் ஸ்டூடியோவுக்கு எட்டியது. டைரக்டர் டுவேன் ஃபிஸ்க் போனில் மார்ஜைப் பிடித்துக் கத்தினார்: “என் படத்துல எனக்குத் தெரியாம எவன் பனியைப் போட்டான்?”

மார்ஜ் வெண்டலைக் கூப்பிட்டாள். “நாளைக்கு மதியம் ரெண்டு மணி. அவர் பக்கத்துல உட்கார்ந்து, பனி வர்ற இடத்தைக் கைகாட்டு. வரலைன்னா முதல் பக்கத்துல மன்னிப்பு. அதோட உன் பத்தியும் காலி.”

“எனக்குக் காய்ச்சல் அடிக்குது மார்ஜ்.”

“அடிக்கட்டும். நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

தியேட்டரில் லொரேய்ன் சிரித்தபடி பாப்கார்ன் நீட்டினாள். சீட்டுக் கிழிப்பது, கூட்டிப் பெருக்குவது, ஸ்டூடியோ அனுப்பும் ரகசிய எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டுவது என்று அங்கே சகலமும் அவள்தான்.

“என்னவோ எழுதி ஊரையே கூட்டிட்டீங்களாமே சார்? நான் தள்ளுபடிக் கூப்பன் வெட்டத்தான் பேப்பரே வாங்குறேன்” என்றாள்.

வெண்டல் பாப்கார்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஊரே பின்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டைரக்டர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு வைக்க முடியாது, முகத்தைப் பொத்தவும் முடியாது. வியர்வை சட்டையை நனைத்தது. இருட்டில் பால் பாட்டில்கள் ‘கிளிங் கிளிங்’ என்றபோது டைரக்டரின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பால்காரன் வந்தான். வந்தவன் தான் கொட்டிய பாலிலேயே வழுக்கி விழுந்தான். முதுகில் ஜிப் தெரிந்தது. ரத்தம் தக்காளிச் சாஸ் மாதிரி கட்டி கட்டியாக வழிந்தது. செத்தவள் ஒருத்தி தும்மினாள்.

‘அடச்சீ, இவனுக்கா பயந்தேன்?’ என்று வெண்டல் முழங்காலை விட்டார். விமர்சனத்தில் எழுதியதெல்லாம் எழுத்துக்கு எழுத்துச் சரி! சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். நடுப்பகுதி போயிற்று, கடைசிச் சண்டை போயிற்று, பனி மட்டும் வரவில்லை. இப்போது பிடித்த நடுக்கத்துக்குப் பால்காரன் எவ்வளவோ தேவலை.

விளக்குகள் எரிந்தன. ஊரே எட்டிப் பார்த்தது.

“எங்கே பனி?” என்றார் டைரக்டர்.

“இருந்துது! சத்தியமா இருந்துது!” வெண்டல் எழுந்து நின்று கத்தினார். “திரை பூரா வெள்ளை! அன்னிக்கு நான் நாற்காலிக்கு அடியில போய் ஒளிஞ்சேன். என் ஆயுசுல அப்படிப் பயந்ததே இல்லை!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பயந்தியா? நீயா?” என்றாள் மார்ஜ்.

டைரக்டருக்கோ கண் கலங்கிவிட்டது. வெண்டலைக் கட்டி அணைத்துக்கொண்டார். “கேட்டுக்கோங்க எல்லாரும்! கடைசியில என் படமும் ஒருத்தரைப் பயமுறுத்தியிருக்கு!”

துடைப்பத்தோடு வந்த லொரேய்ன் நின்றாள். “படமா? அன்னிக்குத்தான் பூட்டைத் திறக்கிற எண்ணே வரலை, காட்சி ரத்துன்னு வாசல்லயே எழுதி ஒட்டியிருந்தேனே. அதைச் சொல்லலாம்னு தோளைத் தொட்டா, சார் வெறும் திரைக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் அலறிக்கிட்டுக் கிடந்தாரு!”