என் மூக்கு விஸ்கி முகர்ந்த கதை

ஒருவனுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைப்பதே பின்னால் மானம் போவதற்குத்தான் என்பது என் கருத்து. எனக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது என் மூக்கு. மயிலாப்பூரில் யார் வீட்டில் காப்பி கொடுத்தாலும், வாயில் ஊற்றுமுன்பே கொட்டை எப்போது வறுத்தது, சிக்கரி எவ்வளவு, பால் காலையில் கறந்ததா மாலையில் கறந்ததா என்று சொல்லிவிடுவேன். (யாரும் கேட்கமாட்டார்கள். நானாகத்தான் சொல்வேன்.) இந்தப் பெருமையை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆபீசிலும் போய் அளந்துவிட்டேன்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் துரையும் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். போவதற்குள் என் வேலையை நிரந்தரமாக்கி அவர் கையெழுத்துப் போட்டாகவேண்டும். நிரந்தரமானால்தான் மாம்பலம் வக்கீல் பஞ்சாபகேசன் தம் மகள் கமலாவை எனக்குக் கொடுப்பார். "டெம்பரவரி ஆசாமிக்கெல்லாம் பொண்ணு குடுக்கறதா இல்லே" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கமலாவைப் பெண் பார்க்கப் போன அன்று ஒரே தடவைதான் பார்த்தேன். என் அப்பா கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கு அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அதோடு நான் காலி. அவள் கிடைக்காவிட்டால் சந்நியாசம்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரை தம் அடையாறு பங்களாவுக்கு வரச் சொன்னார். கையெழுத்துத்தான் என்று நினைத்து, சலவைச் சட்டை போட்டு, பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்து நேரே மாம்பலம் போய் வக்கீல் மாமாவிடம் காகிதத்தைக் காட்டுவதாக ஏற்பாடு.

துரைக்குப் பயங்கர ஜலதோஷம். மூக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. மேஜைமேல் என் காகிதம் இருந்தது, கையெழுத்து இல்லாமல். பக்கத்தில் நாலு புட்டி. நாலும் ஸ்காட்லாந்தில் வெவ்வேறு ஆலையில் வடித்த விஸ்கியாம். லேபிளையெல்லாம் ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. மறுநாள் பிரிவு விருந்துக்குப் பெரிய துரை வருகிறார். அவர் ஐலா என்ற தீவில் பிறந்தவர். தம் தீவுச் சரக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாராம். இந்த நாலில் எது தீவுச் சரக்கு? துரையின் மூக்கோ அடைத்துக் கிடந்தது. பட்லர் ஏழுமலையைக் கேட்டதற்கு, "என் கொயந்தைங்க மேல சத்தியமா அதும் வாசனையே எனக்குத் தெரியாது தொரே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டானாம்.

"காப்பிக்குத் தீர்ப்புச் சொல்கிறவனாமே நீ. இதற்கும் சொல், பார்க்கலாம்" என்றார் துரை.

முகர்ந்தால் தோஷமில்லை என்று எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டு முகர்ந்தேன். முதல் புட்டியில் தேனும், கனிந்த வாழைப்பழமும். இரண்டாவதில் உலர்ந்த திராட்சையும் புது மர பீரோவும். மூன்றாவதில் மழை விட்ட பிறகு புல்தரை. நாலாவது புட்டியில் யாரோ ஆஸ்பத்திரிக்குள் கணபதி ஹோமம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். டிங்சர் நெடியும் புகையும் சேர்ந்து தூக்கி அடித்தன.

"இதுதான் சார் தீவாக இருக்கவேண்டும்."

"நிச்சயமா?"

"கொஞ்சம் நிச்சயம்."

"கொஞ்சம் போதாது. நாலையும் ருசித்துச் சொல்" என்று பேனாவைத் திறந்து காகிதத்தின்மேல் வைத்தார் துரை. அடப்பாவி மனுஷா! காகிதத்தில் கமலாவின் முகம் தெரிந்தது. சரி என்றேன்.

துளி உதட்டில் பட்டால் போதும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் டம்ளரில் உதடு வைத்ததில்லை. எச்சில்! விஸ்கியே ஆனாலும் ஆசாரம் என்று ஒன்று இல்லையா? கண்ணாடி டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, வழக்கம்போல் கடகடவென்று ஊற்றிக்கொண்டேன். ஊற்றிக் குடிப்பதில் துளி என்பதே கிடையாது. தொண்டையில் ஆரம்பித்த தீ தொப்புளில் போய்த்தான் நின்றது. நாலு டம்ளரையும் அப்படியே முடித்தேன். நாலாவதில் குறி தவறி, பாதி சட்டையில் கொட்டியது.

"ஐயய்யே, இன்னா சாமி, பானகம் மாரி ஊத்திக்கினே! தொரையே இப்டி அடிச்சி நான் பாத்ததில்ல" என்று ஏழுமலை ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"நாலாவதே தீவு!" என்று முழங்கினேன். துரை கையெழுத்துப் போட்டார். நான் அவரைக் கட்டிக்கொண்டு, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று அழுதேன். (கடற்கரைக் கூட்டங்களில் இதே துரைமாரை ஓடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.) ஏழுமலைதான் என்னைப் பிரித்தெடுத்து ஜட்காவில் ஏற்றினான்.

"வாயத் தொறக்காத குந்திக்கினு போ சாமி" என்றான். நல்ல மனுஷன். நான் கேட்கவில்லை.

மாம்பலத்தில் வக்கீல் வீட்டு மாமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி, "பேஷ்! மழை, புல்லு, பீரோ எல்லாம் இருக்கு. ஆனா தீவு இல்லே. அடுத்த புட்டி கொண்டாங்கோ" என்றேன். உள்ளே கமலா களுக்கென்று சிரித்தது கேட்டது.

வக்கீல் மாமா எழுந்து வந்தார். என் சட்டைமேல் குனிந்து ஒரு முறை மூச்சை இழுத்தார்.

"எழுந்திருடா! இது என்ன நாத்தம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இந்தச் சம்பந்தமே வேண்டாம். நட வெளியிலே!"

ஏறியதெல்லாம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. எதற்காக அந்தக் கண்ராவியைக் குடித்தேனோ, அதுவே கைநழுவிப் போகிறது. காகிதத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். கண்ணில் ஜலம் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன்னா, பாவம், அந்தப் பிள்ளையைப் போய்க் கோச்சுக்கறேளே" என்று மாமி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். "இவருக்கும் உங்களாட்டம் வாயு உபத்திரவம் போலிருக்கு. நீங்க சனிக்கிழமை கிளப்லேர்ந்து வரச்சே சாப்ட்டுண்டு வருவேளே, அதே டாக்டர் மருந்துதானே இது? இதுலே சித்த புகை தூக்கல், அவ்வளவுதான்."

மாமா மேல்துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்களை வாயடைக்க வைப்பதில் பெயர்போனவர் அவர்.

"ஆமாம்" என்றார் கடைசியில். "வாயு மருந்துதான்."

"அதே டாக்டரா?"

"வேற டாக்டர்."

அப்புறம் என் காகிதத்தை வாங்கி, இரண்டு முறை படிப்பதுபோல் பாவனை செய்து, "பர்மனென்ட்தான். தை மாசம் முகூர்த்தம் பார்க்கலாம்" என்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பயலாவது அகாலத்தில் வந்து, வாயை மூடிக்கொண்டு மாடிக்கு நழுவினால், கமலா படுத்த இடத்திலிருந்தே "எந்த டாக்டர்டா?" என்று கேட்பாள்.

கல்யாணமான பிறகு வந்த முதல் சனிக்கிழமை நானும் கமலாவும் மாம்பலம் போயிருந்தோம். மாமா கிளப்புக்குக் கிளம்பக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையும் வரட்டுமே, ஒரு மாறுதலா இருக்கும்" என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணடித்தார். நான் செருப்பைத் தேடினேன். மாமி சமையலறையிலிருந்து இரண்டு டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ஓமமும் மிளகும் போட்ட கஷாயம் கொண்டுவந்து, எங்கள் இருவர் முன்னாலும் வைத்தாள்.

"கோட்டைக் கழட்டுங்கோ. இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்" என்றாள்.