மத்தி டப்பாவோடு ஒரு கிரிவலம்

எங்கள் தெருவில் என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறேன், அதுவும் வெறுங்காலோடு. எதிர்வீட்டுக்காரர் தன் மகனைத் திட்டும்போதெல்லாம் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார். அந்தப் பிள்ளையிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னைப் பக்திமானாக்கியது ஒரு மீன் டப்பா. (மீன் வைக்கிற டப்பா இல்லை, மீனை வேகவைத்து, எண்ணெய் ஊற்றி, சீல் வைத்து விற்கிறார்களே, அந்த டப்பா.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. டவுனில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் டெக்னீசியன். மனைவி வினோதினி கடலூர் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன், மிச்சம் இரண்டு நாள் கருவாடு. அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு வந்து நான் குடிவைத்த இடம், செங்கம் ரோட்டில் ஒரு பரம சைவ வீட்டின் மாடி.

வேறு வழியில்லை. ஆசிரமம் பக்கம் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், அங்கே பெயரைக் கேட்பதற்கு முன்னால் "நீங்க வெஜ்ஜா?" என்றுதான் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே பதினோரு வீட்டை இழந்தோம். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஐயா, கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு அதே கேள்வியைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "முட்டைகூடத் தொடமாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற வினோதினிக்குப் புரையேறிவிட்டது.

"சந்தோஷம் தம்பி. ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன். நம்ம வீட்ல அசைவ வாசனை வந்துச்சுன்னா, அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிடணும்" என்றார்.

அந்த ஏற்பாடு ஆறு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு வினோதினி கர்ப்பமானாள். மற்ற பெண்கள் மாங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். இவள் மத்தி மீன் கேட்டாள். டவுனில் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு அணைக்கட்டு மீன்தான் இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏரி நாத்தம் அடிக்குதுங்க" என்று வாசலுக்கு ஓடி எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். ஏழாவது மாதத்தில் மூக்கால் அழ ஆரம்பித்தாள். "ஒரே ஒரு மத்திங்க. உங்க புள்ளைதான் கேக்குது. நான் கேக்கல."

புள்ளை கேட்கிறது என்றால் அப்பன் சும்மா இருக்க முடியுமா? அடுத்த நாளே வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். வெளியே ஊதுபத்தி, ருத்ராட்சம். உள்ளே சீஸ், ஓட்ஸ். நான் டப்பா மீன் என்று சொன்னதும் கடைக்காரர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மெதுவா சார். உள்ள வாங்க" என்று குரலைத் தாழ்த்தினார். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு அலமாரி. அதில் மூன்று வகை மத்தி: எண்ணெயில் போட்டது, தக்காளிச் சாறில் போட்டது, உப்புத் தண்ணீரில் போட்டது. அட்டைப் படத்தில் எது அழகாக இருந்ததோ அதை எடுத்தேன். தக்காளி. பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது.

திரும்பினால், கதர்ப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. "தக்காளி வேண்டாம்" என்றார், சுத்தமான தமிழில். "மீன் நல்லா இல்லை என்றால்தான் தக்காளி ஊத்துவாங்க." எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்து, காதருகே வைத்து ஆட்டினார். திருப்பி வைத்தார். இன்னொன்றை ஆட்டினார். "சத்தம் வரலை. மீன் நெருக்கமா இருக்கு. இது எடுங்க. சூடு பண்ணக் கூடாது. எலுமிச்சை போதும்." நம்ம ஊர் அம்மாக்கள் தேங்காய் வாங்குகிற அதே தோரணை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சமைக்கத் தேவையில்லை, அதனால் வாசனை வராது. இதுதான் என் திட்டத்தின் அஸ்திவாரம். (லேபில் வேலை பார்க்கிறவனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

சனிக்கிழமை சாயங்காலம் ஏகாம்பரம் ஐயாவும் அவர் மனைவி கற்பகம் அம்மாவும் செங்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்கள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ஜன்னல்களை அடைத்தேன். டப்பா மூடியின் வளையத்தை இழுத்தேன். வளையம் கையோடு வந்துவிட்டது, மூடி அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு குத்துக் குத்தினேன். சர்ரென்று எண்ணெய் பீய்ச்சி, என் சட்டை, காலண்டர், ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பை எல்லாவற்றிலும் அபிஷேகம் ஆனது.

வினோதினி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. டப்பாவைத்தான் பார்த்தாள். உள்ளே ஐந்து மீன்கள், தலையில்லாமல், பௌர்ணமி பஸ்ஸில் வருகிறவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன.

"இது மத்தியாங்க? மத்தியோட அண்ணன் புள்ளை மாதிரி இருக்கு" என்றாள். இருந்தாலும் சுடுசோற்றில் இரண்டை உதிர்த்துப் போட்டாள். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து சேர்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"என்ன ஆச்சு வினோ? நல்லா இல்லையா?"

"பேசாதீங்க."

முள்ளே தெரியாமல் கரைகிறது என்றாள். கடலூரில் மழைநாளில் அவள் அம்மா வைக்கிற குழம்பு ஞாபகம் வருகிறது என்றாள். ஐந்தாவது மீனும் போனபிறகு, டப்பாவிலேயே ஒரு பிடி சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அய்யோ, உங்களுக்கு?" என்றாள். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. கல்யாணமானதிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பத்து நிமிஷத்துக்காக எத்தனை வீட்டை வேண்டுமானாலும் இழக்கலாம் என்று தோன்றியது. (அந்த எண்ணம் ராத்திரி கேட் திறக்கிற சத்தம் கேட்கும்வரைதான் இருந்தது.)

அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டில் இருந்த சாம்பிராணி முழுவதையும் கொளுத்தினேன். புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மாடிப்படி அடியில் நின்று கற்பகம் அம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது. "என்னம்மா வினோதினி, வீடே மணக்குது?"

"சாமி கும்பிட்டோம்மா!" என்று மேலிருந்து கத்தினாள் என் மனைவி.

மிச்சம் இருந்தது காலி டப்பா ஒன்றுதான். அதைக் குப்பையில் போட முடியாது. காலையில் குப்பை வண்டி வரும்போது கற்பகம் அம்மாதான் கேட்டில் நின்று எங்கள் பக்கெட்டையும் கிளறி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பார். அதனால் டப்பாவை லேப் கவரில் போட்டு, அதை இன்னொரு லேப் கவரில் போட்டு, இறுக்கி முடிந்து, மஞ்சப்பைக்குள் வைத்தேன். விடியற்காலையில் வண்டியில் போய் ஊருக்கு வெளியே எறிந்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

காலை ஐந்து மணி. செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று வெறுங்காலோடு படியிறங்கினேன். கீழே ஏகாம்பரம் ஐயா, குளித்து, விபூதி பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என் காலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பௌர்ணமின்னு ஞாபகம் வச்சிருக்கீங்களே தம்பி! நானும் கிரிவலத்துக்குத்தான் கிளம்பினேன். வாங்க, சேர்ந்தே போலாம்."

பௌர்ணமி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "சார், வண்டில கொஞ்ச தூரம்..." என்று இழுத்தேன்.

"இன்னைக்கு எங்க வண்டி விடறான்? ரோடெல்லாம் அடைச்சிருப்பான். நடங்க."

பதினாலு கிலோமீட்டர் ஐயா, பதினாலு கிலோமீட்டர்! ஆசிரமம் தாண்டுவதற்குள் அவர் கேட்டுவிட்டார். "பையில என்ன தம்பி?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு வேண்டுதல் சார். வினோதினிக்காக."

அவர் சட்டென்று நின்று என் தோளைத் தொட்டார். "சொல்லாதீங்க. வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாது. எட்டு லிங்கத்துலயும் அந்தப் பையை வாசப்படியில வச்சுக் கும்பிடுங்க. பிரசவம் நல்லபடியா ஆகும்."

போச்சா! இனி எறியவும் முடியாது. எங்கள் வழியில் முதலில் வந்தது யம லிங்கம். (பொருத்தம்தான்.) படியிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பையை வைத்து, 'அண்ணாமலையாரே, நான் கொண்டு வரலை, இவர்தான் கொண்டு வர வைக்கிறார்' என்று கண்ணை மூடி மன்றாடினேன். கண்ணைத் திறந்தால் பைக்குப் பக்கத்தில் காது கிழிந்த ஒரு செம்பட்டை நாய் உட்கார்ந்திருந்தது.

அது எங்களோடு நடக்க ஆரம்பித்தது. நான் வேகமாக நடந்தால் வேகமாக, நின்றால் நின்று, பையை இடக்கைக்கு மாற்றினால் இடப்பக்கம் வந்து. அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு நாய்கள் சேர்ந்துவிட்டன. "ச்சூ, போ" என்று காலை உதறினேன்.

"தம்பி!" ஏகாம்பரம் ஐயா பதறிவிட்டார். "யாரை விரட்டறீங்க? பைரவர்! நான் முப்பது வருஷமா சுத்தறேன், எனக்கு ஒருநாளும் இப்படிக் கூட வந்ததில்ல."

சொன்னதோடு விடாமல், ரோட்டோரக் கடையில் பிஸ்கட் வாங்கிச் செம்பட்டைக்குப் போட்டார். அது பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்காமல் என் பையையே பார்த்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிஸ்கட்டே வேணாங்குது பாருங்க. இது பசிக்கு வரல தம்பி. பக்தி."

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த யாரோ ஒரு அம்மா நாயைக் கும்பிட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் கும்பிட்டார். எனக்கு உள்ளங்கால் எரிந்தது, அதைவிட ஜாஸ்தியாக முகம் எரிந்தது.

குபேர லிங்கத்தில் அது நடந்தது. பையை வைத்துக் குனிந்தேன். செம்பட்டை ஒரே பாய்ச்சலில் பையைக் கவ்விக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து ஓடியது. மற்ற இரண்டும் பின்னாலேயே ஓடின. ஏகாம்பரம் ஐயா அப்படியே ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "அவரே வாங்கிக்கிட்டாரு! வேண்டுதல் பலிச்சிடுச்சு!" என்று கண்ணீர் விட்டார். நானும் விழுந்து கும்பிட்டேன். அன்றைக்கு நான் கும்பிட்டதிலேயே மனசாரக் கும்பிட்டது அதுதான். வீடு பிழைத்தது!

ஈசான்ய லிங்கம், டவுன், மறுபடி செங்கம் ரோடு. கேட்டருகே வந்தோம். ஏகாம்பரம் ஐயா கால் கழுவிக்கொண்டு நேராகப் பூஜையறைக்குப் போனார். கற்பகம் அம்மா வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தார். அப்போது பின்னால் டொக்கென்று ஒரு சத்தம்.

செம்பட்டை. என் காலடி மோப்பத்திலேயே வந்திருக்கிறது, பாவி. நக்கிப் பளபளவென்று ஆக்கிய டப்பாவைக் கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. மீன் படம் மேலே பார்த்து இருந்தது. டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்த கிழிந்த கவரில் என் லேபின் பெயரும் தெளிவாகத் தெரிந்தது.

கற்பகம் அம்மா டப்பாவைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாடியில் வினோதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். சாவியைக் கொடுக்க நான் பாக்கெட்டில் கையே விட்டுவிட்டேன்.

அவர் டப்பாவை இரண்டு விரலால் எடுத்து, மக்காத குப்பைப் பக்கெட்டில் போட்டு மூடினார். பிறகு என் பக்கத்தில் வந்து, பூஜையறைக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நீங்க வர்றதுக்கு முன்னால பதினஞ்சு வருஷம் வெள்ளைக்காரங்களுக்குத்தான் தம்பி மாடியை விட்டிருந்தோம். எண்ணெய் டப்பாவா தக்காளி டப்பாவான்னு படியிலயே நின்னு சொல்லிடுவேன். சாம்பிராணி போட்டா மீன் நாத்தம் போயிடுமா? சாம்பிராணி போட்ட மீன் நாத்தம்தான் வரும்."

"அம்மா, மன்னிச்சுடுங்க. மசக்கை... ரொம்ப ஆசைப்பட்டா..."

"புள்ளைத்தாச்சி கேட்டதைக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க? அதை நான் தப்புன்னு சொல்லல. ஆனா உங்களைச் சும்மாவும் விடமாட்டேன்." உள்ளே மணியடிக்கிற சத்தம் கேட்டது. அவர் முகம் மாறியது. "அவருக்குச் சுகர் இருக்கு. போன மாசம் வழியில மயங்கி உக்காந்துட்டாராம், யாரோ ஆட்டோல ஏத்திவிட்டாங்க. கிரிவலம் வேணாம்னா கேக்கமாட்டேங்கறாரு. இனிமே பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீங்க அவர்கூட நடக்கணும். என்னைக்கு நடக்கலையோ, அன்னைக்கு இந்த டப்பா கதையை அவர்கிட்ட சொல்லிடுவேன்."

அன்றிலிருந்து நடக்கிறேன். மழையில் நடந்தேன், காய்ச்சலில் நடந்தேன். அவருக்குச் சுகர் இறங்கினால் கொடுக்க என் சட்டைப் பையில் எப்போதும் நாலு சாக்லேட் இருக்கும். மூன்று தடவை அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது, மூன்று தடவையும் பக்கத்தில் நான் இருந்தேன். அந்த டப்பாவை நினைத்து நான் வெட்கப்படாத நேரம் அது ஒன்றுதான்.

செம்பட்டை வீட்டோடு தங்கிவிட்டது. ஏகாம்பரம் ஐயா அதற்கு வைரவன் என்று பெயர் வைத்துத் தினமும் தயிர்ச்சோறு போடுகிறார். அது தயிர்ச்சோற்றைத் தின்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்க்கும். உறவுக்காரர்கள் வந்தால் அவர் பைரவர் வேண்டுதலை வாங்கிக்கொண்ட கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். அவர் சொல்லி முடிக்கிறவரை கற்பகம் அம்மாவும் வினோதினியும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மத்தி கேட்ட புள்ளை பெண்ணாகப் பிறந்து, இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு அவள் அம்மா உண்மைக் கதையைச் சொல்லிவிட்டாள். போன பௌர்ணமி காலையில் நானும் ஏகாம்பரம் ஐயாவும் வெறுங்காலோடு கேட்டைத் திறந்தோம். மாடிப்படியிலிருந்து மகள் தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினாள். "அப்பா, வரும்போது வேண்டுதல் வாங்கிட்டு வா! எண்ணெய்ல போட்டது!"

ஏகாம்பரம் ஐயா நெகிழ்ந்துபோய்க் கையைக் கூப்பினார்.

"பாருங்க தம்பி, இந்த வயசுலயே நல்லெண்ணெய் விளக்கு போடணும்னு தோணுது குழந்தைக்கு!"