முகுந்தனுக்கு ஒன்னும் இல்ல

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. ‘ஒன்னும் இல்ல லா’க்காரர்கள். மோட்டாரிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தாலும் ஒன்னும் இல்ல, முதலாளி எல்லார் முன்னாலும் ஏசினாலும் ஒன்னும் இல்ல, பள்ளித்தோழனைப் பல வருஷம் கழித்துப் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பார்த்தால் கட்டிப்பிடிப்பதற்குப் பதில், "கார் எங்க போட்ட?" என்று கேட்பார்கள். பாசமா, பயமா, கோபமா? யாருக்குத் தெரியும்! அதிலும் இந்த இனத்தாருக்கு அலர்ஜி இருந்துவிட்டால் தொலைந்தது. வாய் சொல்லாததையெல்லாம் தோல் சொல்ல ஆரம்பித்துவிடும்.

எங்கும் தேட வேண்டாம், கிள்ளான் முகுந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இறால் ஆகாது. ஒன்று உள்ளே போனாலும் உதடு வீங்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓடும், மூச்சு அடைக்கும். டாக்டர், அவசரத்துக்குக் குத்திக்கொள்ளப் பேனா மாதிரி ஓர் ஊசியைக் கொடுத்து, "சாப்பிடப் போற எடத்துல முதல்லயே சொல்லிடுங்க" என்றார். சொல்வதா? கட்டிய மனைவி தாமரையிடம் "நீ நல்லா இருக்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர், சோறு போடுகிறவர்களிடம் போய்ச் சொல்வாரா? ஆகவே ஊசி தாமரையின் கைப்பையில், பேச்சு தாமரையின் வாயில். "இவருக்கு இறால் ஆகாதுங்க" என்று வீட்டுக்கு வீடு அவள்தான் அறிவிப்பாள். யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல இவர் விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மகள் உமாவுக்கு நிச்சயம் முடிந்து, பந்திங் ஊரில் சம்பந்தி வீட்டு விருந்து. போய் இறங்கியதுமே பெண்கள் கல்யாணச் சேலையைக் காட்டத் தாமரையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகுந்தன் மட்டும் சாப்பாட்டு மேசையில், பேச வாயில்லாமல். சம்பந்தியம்மா சீதாலெட்சுமி அவர் தட்டில் ஒரு கரண்டி இறால் சம்பல் வைத்தார்.

‘இறால் எனக்கு ஆகாது.’ மனசுக்குள் அருமையாகச் சொன்னார். வெளியே வந்தது, "போதும்."

நம் வீடுகளில் விருந்தாளி போதும் என்றால் யார் நம்புகிறார்கள்? இன்னொரு கரண்டி விழுந்தது. மகள் வாழப்போகிற வீடு, முதல் சாப்பாடு, ஒதுக்கி வைத்தால் என்ன நினைப்பார்கள்? ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கை உறிஞ்சினார். உதடு வீங்கியது. சம்பந்தி ரெங்கசாமி உருகிப்போனார்.

"அழாதீங்க சம்பந்தி! உமா இனி எங்க புள்ள லா!"

"ஒன்னும்... இல்ல..."

"பாரு சீதா, மனுசனுக்குத் தொண்டயே அடைக்குது! இப்படி ஒரு பாசக்கார அப்பாவ நான் பாத்ததே இல்ல!"

ரெங்கசாமியும் அழுதார். சீதாலெட்சுமி மனசு தாங்காமல் மூன்றாவது கரண்டியை வைத்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தாமரை புருஷனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் ஊசியை இறக்கினாள்.

ஆஸ்பத்திரியில் தாதி, "எப்படி இருக்கு அங்கிள்?" என்றார்.

பணியாரம் போன்ற உதட்டை அசைத்து முகுந்தன் சொன்னார்: "ஓக்கே லா."

வெளியே வந்ததும் தாமரை நின்றாள். "ஏங்க, ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

முகுந்தனுக்குப் பயமாகத்தான் இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. "கார் எங்க போட்ட?" என்றார்.

கல்யாணம் கிள்ளானில், கோயில் மண்டபத்தில். கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தனேஷ் தாலி கட்டினான். முகுந்தனுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கை உறிஞ்சினார். உதடு துடித்தது.

"சம்பந்திக்கு அலர்ஜி!" என்று ரெங்கசாமி பாய்ந்தார். "சைவச் சாப்பாட்டுல எவன் லா இறால் போட்டது?" சீதாலெட்சுமி சமையல்கட்டுக்கு ஓடினார். மச்சான்மார் இருவர் முகுந்தனை நாற்காலியில் அமுக்கினார்கள். தாமரை ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டாள்.

"ஒன்னும் இல்ல!"

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க!"

ஊசி பட்டுவேட்டியை நெருங்கியது. சொன்னால்தான் தப்பிக்கலாம்.

"வேணாம்! அழுவுறேன்!"

"என்னது? மேளத்துல கேக்கல!"

"அழுவுறேன் தாமரை! புள்ள போறா லா! என்னால தாங்க முடியல!"

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மணவறையில் உமா திரும்பி, "அப்பா..." என்றாள், கண்மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. தாமரை அழுதுகொண்டே ஊசியை மூடினாள். வாய் திறந்ததே திறந்தது என்று முகுந்தன் அவளிடம், "நீ இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்க" என்றும் சொல்லிவிட்டார்.

தாமரை ஊசியின் மூடியை மறுபடியும் கழற்றினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கையில் பக்கத்திலிருப்பவர், "என்ன, கண்ணு கலங்குது?" என்று கேட்டு, "ஒன்னும் இல்ல லா, தூசி" என்று உங்கள் வாய் சொன்னால், உங்கள் ஊசி யார் கைப்பையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.